கிருபையா, சுயசித்தமா? வேதபாடம் எடுக்கச் சொன்னால் என்ன செய்வது

போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை வேதபாடத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள். நாங்குநேரி பக்கத்துக் கிராமம், கூடிப்போனால் பதினான்கு பேர் வரும் வீட்டுக் கூட்டம். ரோமர் 9-ஆம் அதிகாரத்தை நானேதான் தேர்ந்தெடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்று வாசித்ததோடு சரி, அப்புறம் கூட்டம் என் கையில் இல்லை. பெந்தெகொஸ்தே சபைக்கும் போய்வரும் ஓர் அண்ணாச்சி, "மனுஷன் தீர்மானிக்காம இரட்சிப்பு ஏது?" என்று எழுந்தார். செல்போனில் பிரசங்கம் கேட்டுக் கேட்டு, இரட்சிக்கப்படுபவரைத் தேர்ந்தெடுப்பது கடவுளே என்ற சீர்திருத்தவாதி கால்வின் பக்கம் சாய்ந்திருந்த அவருடைய மைத்துனர், "அப்போ கிருபைக்கு என்ன வேலை?" என்று பதிலுக்கு எழுந்தார். இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அத்தை அடுக்களை வாசலில் நின்றபடி என்னிடம் கேட்டார்: "எம் மவன் குடிக்கான். அவனை ஆண்டவர் தெரிஞ்சுக்கிடவே இல்லியா தம்பி?"

யாரோ பின்னால் இருந்து "தலையெழுத்து" என்றார்கள். நான் வேதாகமத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். முடிவு ஜெபம்கூட இல்லாமல் கூட்டம் கலைந்தது.

பிறகு மூன்று மாதம் படித்துவிட்டு, அதே பாடத்தை நான்கு வாரமாகப் பிரித்து மறுபடி எடுத்தேன். இந்த முறை சண்டை வரவில்லை. உங்களிடமும் யாராவது இந்தப் பாடத்தைத் தள்ளிவிட்டால், நான் பட்டது நீங்கள் படாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

1. ஒரு கேள்வியை மூன்றாக உடையுங்கள்

"சுயசித்தம் உண்டா, இல்லையா?" என்று தொடங்கினால் தீர்ந்தது. அது ஒரு கேள்வியே இல்லை, மூன்று கேள்விகளின் மூட்டை. ஒரு தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாவத்தால் மனுஷனுடைய சித்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது? இரண்டாவது, கடவுளும் மனுஷனும் சந்திக்கும்போது முதல் அடி யாருடையது? மூன்றாவது, கொடுக்கப்படும் கிருபையை மனுஷன் தட்டிவிட முடியுமா, பெற்றபின் இழக்க முடியுமா?

காலையில் இட்லி தின்பதா தோசை தின்பதா என்று முடிவு செய்யும் சுதந்திரம் இந்தத் தாளில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் முதல் கூட்டத்தில் பாதி நேரம் போனது அதில்தான்: "நான் இப்போ இந்தக் கையைத் தூக்குறேன், இது என் சித்தம்தானே?" என்று ஒருவர் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு கடவுளை நோக்கித் திரும்பும் சித்தத்தைப் பற்றியது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள், ஆகும் செலவு

வேதாகமம் இரண்டு வேண்டும். ஒன்று, நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். கத்தோலிக்க உறவினர் வீட்டில் இருக்கும், இரவல் கேளுங்கள். ஏன் இரண்டு என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை) அடிப்படைப் போதனைகளான 39 பிரமாணங்களில் 9, 10, 16, 17 ஆகிய நான்கு மட்டும் போதும். ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய அலமாரியில் கிடைத்தது. திருநெல்வேலி திருச்சபை வளர்ந்ததே ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கங்களின் கீழ்தான் என்பதால், "இது வெளியூர்ச் சரக்கு" என்று யாரும் தள்ள முடியாது.

நெதர்லாந்தில் கால்வின் பக்கத்தார் கூட்டிய டார்ட் சினாடின் தீர்மானங்கள் (1618-19), அதற்குக் காரணமான, கால்வின் பக்கத்தை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மினியஸ் பக்கத்தாரின் ஐந்து அம்ச மனு (1610), கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கொடுத்த ஆணை. மூன்றும் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கிய வரிகளை நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது மாலைகள் ஆயின. வாட்ஸாப்பில் வரும் ஒரு பக்கச் சுருக்கத்தை நம்பாதீர்கள். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பற்றி எழுதிய சுருக்கம் அது.

செலவு: நபருக்கு வாரம் ஒரு தாள், இரண்டு பக்கமும் ஜெராக்ஸ். 14 பேர், 4 வாரம், பக்கம் 2 ரூபாய், ஆக 224 ரூபாய். சந்தேகம் கேட்க பாளையங்கோட்டைக்கு இரண்டு முறை பஸ்ஸில் போனேன். தேநீர், முறுக்கு செலவை வீட்டுக்கு வீடு மாற்றிவிடுங்கள், ஒரே வீட்டுத் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு தாளும் உண்டு. நான்கு வாரத்துக்கும் என்னென்ன எடுக்கப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, முன்கூட்டியே சேகர குருவானவரிடம் காட்டுங்கள். நான் முதல் தடவை காட்டவில்லை. சண்டை நடந்த மறுநாளே விஷயம் அவர் காதுக்குப் போய், "எதுக்குப்பா இந்த வேலை?" என்று கேட்கும்படி ஆனது.

3. சொற்களைச் சுத்தம் செய்யுங்கள்

முழு வாரமும் இதற்கே போனாலும் பரவாயில்லை. எங்கள் சண்டையில் முக்கால்வாசி இறையியல் இல்லை, தமிழ்.

எபேசியர் 1:4-ஐ எடுங்கள். "உலகத்தோற்றத்துக்கு முன்னே" கடவுள் நம்மைக் கிறிஸ்துவுக்குள் "தெரிந்துகொண்டார்" என்று பழைய திருப்புதலில் இருக்கிறது. இன்று ஒரு பையனிடம் "தெரிந்துகொண்டான்" என்றால், "அறிந்துகொண்டான்" என்றுதான் அவன் காதில் விழும். அந்தக் காலத் தமிழில் அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். பெந்தெகொஸ்தே அண்ணாச்சி பத்து வருஷமாக அந்த வசனத்தை "யார் யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னமே அறிந்திருந்தார்" என்று வாசித்து வந்திருக்கிறார். மைத்துனர் "தேர்ந்தெடுத்தார்" என்று வாசித்தார். ஒரே வரி, ஒரே புத்தகம், இரண்டு மதங்கள் போல ஆகிவிட்டது! பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் நிமிடத்தில் தெளியும். யோசுவா 24:15-இல் "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று வருவதையும் காட்டுங்கள். அதே சொல், அங்கே தேர்ந்தெடுப்பவன் மனுஷன்.

ஆனால் அண்ணாச்சியின் கருத்தே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். ரோமர் 8:29-இல் "முன்னறிந்தார்", "முன்குறித்தார்" (முன்னமே தீர்மானித்தார்) என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. விசுவாசத்தை முன்னறிந்து, அதன்படி முன்குறித்தார் என்பது ஆர்மினியஸ் பக்கத்தின் வாசிப்பு. முன்னறிதல் என்பதே அன்போடு ஒருவரைத் தமக்கென்று கொள்வது, அந்த அறிவுக்கு நம் விசுவாசம் காரணமல்ல, அதன் பலன் என்பது கால்வின் பக்கம். அண்ணாச்சி தன் வாதத்தை வேறு வசனத்தில் இருந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழஞ்சொல் பொருள் மாறுவது தமிழுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 39 பிரமாணங்களில் 10-ஆவதில் கிருபை நம்மைத் தடுக்கிறது என்று இன்றைய ஆங்கிலம் படித்தவருக்குத் தோன்றும் ஒரு சொல் (prevent) இருக்கிறது. பழைய பொருள் "முன்னே செல்லுதல்". கிருபை நமக்கு முன்னே செல்கிறது என்பதைக் கிருபை குறுக்கே நிற்கிறது என்று மொழிபெயர்த்து, இரண்டு நாள் குழம்பிக் கிடந்தேன்.

அடுத்த சொல், முழுச் சீர்கேடு. பாவத்தால் மனுஷன் கெட்டிருப்பதற்கு இறையியலில் வைத்த பெயர். இதைக் கேட்டவுடன் "அப்போ எங்க தாத்தா கெட்டவரா? ஊருக்கே குளம் வெட்டினாரே" என்பார்கள். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை உதாரணம் காட்டினேன். உப்புத் தண்ணீர். எந்தத் தம்ளரில் மொண்டாலும் உப்பு கரிக்கும், உப்பில்லாத ஒரு தம்ளரை அந்தக் கிணற்றில் எடுக்க முடியாது. அதற்காகக் கடல் தண்ணீர் அளவுக்கு உப்பு என்று யாரும் சொல்லவில்லை. குளிக்கலாம், துவைக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம். "முழு" என்பது எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை, எங்கெங்கே என்பதைச் சொல்கிறது: அறிவு, ஆசை, சித்தம் எல்லாவற்றிலும். தாத்தா வெட்டிய குளம் குளம்தான்.

கடைசியாக, விதி. முன்குறித்தல் வேறு, தலையெழுத்து வேறு. தலையெழுத்தில் வழி என்று ஒன்று கிடையாது. என்ன செய்தாலும் அதே முடிவு. கால்வின் பக்கத்தார் சொல்லும் முன்குறித்தலில் பிரசங்கம், ஜெபம், மனந்திரும்புதல் எல்லாம் அந்த முடிவுக்குக் கொண்டுபோகும் வழிகளாக உள்ளேயே இருக்கின்றன. டார்ட் தீர்மானமே சுவிசேஷத்தை வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்கிறது; பாவத்துக்குக் கடவுளைக் காரணராக்குவதையும் மறுக்கிறது. கூட்டத்தில் யாராவது "தலையெழுத்து" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. யார் எங்கே நிற்கிறார்கள்

வரலாறு சொல்லத் தொடங்கினால் நான்கு வாரம் போதாது. எழுதிவைத்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் போதும்.

அகஸ்தீன் காலத்துப் போதகர் பெலாகியுஸ்: சித்தம் அப்படியொன்றும் கெடவில்லை, கட்டளை கொடுக்கப்பட்டிருந்தால் கீழ்ப்படியவும் முடியும். வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீன் (354-430) எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபைதான் என்று 529-இல் பிரான்சின் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய சங்கம் சொன்னது. தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறித்தார் என்பதையும் அதே சங்கம் மறுத்தது.

அறிஞர் எராஸ்மஸ் 1524-இல் சுயசித்தத்துக்குப் பரிந்து எழுதினார். சீர்திருத்தவாதி லூத்தர் மறுவருஷமே சித்தம் அடிமைப்பட்டது என்று திருப்பி எழுதினார். கால்வின் பக்கம்: முதல் அடி கடவுளுடையது, அந்தக் கிருபை எவரிடத்தில் கிரியை செய்கிறதோ அவரைக் கொண்டுவந்தே தீரும்.

ஆர்மினியஸ் பக்கத்தைச் சொல்லும்போது மெதுவாகப் போங்கள். 1610 மனுவின் மூன்றாம் அம்சம், மனுஷன் தன் சுயசித்தத்தின் பலத்தால் இரட்சிப்பின் விசுவாசத்தைப் பெற முடியாது, மறுபடி பிறக்க வேண்டும் என்கிறது. இதை நான் வாசித்தபோது மைத்துனர் என் கையிலிருந்த தாளை வாங்கி, தலைப்பைச் சரிபார்த்தார். "இது கால்வின் எழுதினது இல்லியா?" வேறுபாடு நான்காம் அம்சத்தில்தான்: அந்தக் கிருபையை எதிர்க்க முடியும். ஐந்தாவதில், இழக்க முடியுமா என்பதை அவர்களே இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். மெதடிஸ்ட் மரபைத் தொடங்கிய வெஸ்லியும் சித்தம் கெட்டுப்போனது என்றே சொன்னார். ஆனால் முன்செல்லும் கிருபை எல்லாருக்கும் கொடுக்கப்பட்டு, பதில் சொல்லும் திராணியைத் திருப்பித் தந்திருக்கிறது என்றார்.

திரெந்து சங்கமும் கிருபையில்லாமல் தன் கிரியையால் நீதிமானாகலாம் என்பவனைச் சபித்தே தொடங்குகிறது. கடவுள் தூண்டிய சித்தம் ஒத்துழைக்கலாம், மறுக்கவும் செய்யலாம் என்பது அதன் நிலை. கத்தோலிக்கர் எல்லாரும் "கிரியையால் இரட்சிப்பு" என்று நம்புகிறவர்கள் என்ற ஓய்வுநாள் பாடசாலைப் பேச்சை இங்கே விட்டுவிடுங்கள்.

ஆகவே பெலாகியுஸைத் தவிர இவர்களில் ஒருவரும் மனுஷன் தானாகவே வந்துவிடுவான் என்று சொல்லவில்லை. இது தெரிந்தபின் கூட்டத்தின் சூடு பாதியாகும். எதிராளியைப் "பெலாகியுஸ்" என்று திட்டுவதும் நிற்கும்.

"நம்ம சபை எந்தப் பக்கம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. அதாவது வெஸ்லியின் பிள்ளைகளும் கால்வினின் பிள்ளைகளும் ஒரே திருவிருந்துக்கு முன் முழங்கால் போட்டார்கள். இந்தப் பதில் அண்ணாச்சிக்கும் பிடித்தது, மைத்துனருக்கும் பிடித்தது. எனக்குத்தான் கொஞ்சம் நழுவுகிற மாதிரி இருந்தது.

5. வசனங்களை எறியாதீர்கள், ஜோடி சேருங்கள்

ஒரு பக்கம் யோவான் 6:44, எபேசியர் 2:1, அப்போஸ்தலர் 13:48. மறுபக்கம் மத்தேயு 23:37, அப்போஸ்தலர் 7:51, 1 தீமோத்தேயு 2:4. இப்படி எறிந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்து வரும் பகுதிகளை எடுங்கள்.

பிலிப்பியர் 2:12-13 நல்ல தொடக்கம். பிரயாசப்படுங்கள் என்கிறது முதல் வசனம், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது அடுத்தது. பார்வோன் கதையில் யாத்திராகமம் 4:21, 8:15, 9:12 மூன்றையும் வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். கர்த்தர் கடினப்படுத்துவேன் என்கிறார், பார்வோன் தானே கடினப்படுத்துகிறான், பிறகு கர்த்தர் கடினப்படுத்தினார். மூன்று பேரை வைத்துச் சத்தமாக வாசிக்க வைத்தேன். வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

ரோமர் 9-ஐ எடுத்தால் 11-ஆம் அதிகாரம் முடியும்வரை போங்கள். நடுவில் நிறுத்தினதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம்.

6. பூனைக்குட்டியைக் கூட்டிவாருங்கள், ஜாக்கிரதையாக

நாங்குநேரியில் தென்கலை வைணவர்களின் வானமாமலை மடம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வழக்கைப் புரியவைக்க அதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. இறைவன் மனுஷனைக் காப்பதற்கு வைணவத்தின் இரு பிரிவார் சொல்லும் உவமை இது: குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், அது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் வந்து கவ்வித் தூக்கும், அது தென்கலை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவக் கவிஞரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாளையங்கோட்டைப் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்தவர். இந்த இரண்டு பேச்சும் இந்த மண்ணில் ஒன்றையொன்று கேட்டே வந்திருக்கின்றன.

சொன்னதும் எல்லாருக்கும் புரிந்தது. அங்கேயே விட்டிருந்தால் தப்பாகப் புரிந்திருக்கும். வெஸ்லியின் குட்டி குரங்குக்குட்டிதான், ஆனால் பற்றிக்கொள்ளும் கைப்பலமே தாய் கொடுத்தது. கால்வினின் குட்டி சும்மா கிடக்கவில்லை, எபேசியர் 2:1-இன்படி செத்துக் கிடக்கிறது. முதலில் உயிர் வர வேண்டும். உதாரணம் எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைணவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவர் முகம் சுளிக்காத மாதிரி சொல்லுங்கள்.

7. நேரம்

நான்கு வாரம், வாரம் ஐம்பது நிமிடம், அதில் இருபது நிமிடம் கேள்விக்கு. முதல் வாரம் மூன்று கேள்விகளும் சொற்களும், இரண்டாம் வாரம் யார் எங்கே, மூன்றாம் வாரம் வசனங்கள். நான்காம் வாரத்தைக் காலியாக வையுங்கள், அது தானாக நிரம்பும். அசன (ஆலய விருந்து) வாரத்தில் தொடங்காதீர்கள், பாதிப் பேர் காய்கறி நறுக்கப் போய்விடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடும் வேண்டாம், பசி வந்தால் முன்குறித்தல் எடுபடாது.

8. நான்காம் வாரத்துக்கு வரும் கேள்விகள்

"பிறந்ததும் இறந்த குழந்தை?" என்று ஒருவர் கேட்டார். கடுமையானது என்று பெயரெடுத்த டார்ட் தீர்மானமே, விசுவாசிகளான பெற்றோர் சிறுவயதில் இறந்த தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது. கேட்டவர் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு வாதம் செய்யாதீர்கள்.

"நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா?" என்று ஒருவன் தன்னைத் தானே குடைந்துகொண்டிருந்தால், 17-ஆம் பிரமாணத்தைக் காட்டுங்கள். கிறிஸ்துவின் ஆவி இல்லாமல் ஆர்வக்கோளாறில் முன்குறித்தலையே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து என்று அதுவே எச்சரிக்கிறது.

அப்புறம், அத்தை. நான்காம் வாரம் அதே அடுக்களை வாசல், அதே கேள்வி. இந்த முறை நான் அண்ணாச்சியையும் மைத்துனரையும் பார்த்து ஒன்று கேட்டேன். "அண்ணாச்சி, அத்தை மகனுக்காக ஜெபிக்கும்போது என்ன கேப்பீங்க?" "அவன் மனசை மாத்தும் ஆண்டவரேன்னு." மைத்துனரிடம், "நீங்க அவனை நேரில பாத்தா?" "குடியை விட்டிருடேன்னு கெஞ்சுவேன்." ஒருவர் சித்தத்தை மாற்றச் சொல்லிக் கடவுளைக் கேட்கிறார், மற்றவர் சித்தத்தை மாற்றச் சொல்லி அவனைக் கேட்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. அவரிடம் அகஸ்தீனுடைய அம்மா மோனிக்காவைப் பற்றிச் சொன்னேன். கிருபையைப் பற்றி இவ்வளவு எழுதியவர், வாலிபத்தில் அம்மா சொல் கேட்காமல் வேறு மார்க்கத்தில் ஒன்பது வருஷம் கிடந்தவர். அம்மா அழுது ஜெபித்துக்கொண்டே பின்னால் கடல் தாண்டிப் போனார். அகஸ்தீன் 387-இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷம் அம்மா இறந்துபோனார்.

"ஞானஸ்நானம் எடுக்கும்போது அவனுக்கு என்ன வயசு?" என்றார் அத்தை.

"32."

"எம் மவனுக்கு 29" என்றவர், இதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். ஐந்தாவதாக ஒரு தாள் போட்டேன், 14 பிரதி, 56 ரூபாய். மேலே போட்ட 224-ஓடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.